முகாமுக்கு முதல் இருபது பிள்ளைகள் வேண்டாம்

கேள்வி: நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலை தரம் 11 வரைதான். ஓகஸ்ட் விடுமுறையில் தரம் 7 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விஞ்ஞான, தொழில்நுட்ப முகாம் ஒன்று நடத்த ஆசை. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ரோபோ செய்யும் பெட்டிகளும் ரீசேட்டும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதிபரோ, "கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருபது பேரை எடுங்கள், அப்போதுதான் பாடசாலைக்குப் பெயர் வரும்" என்கிறார். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
(ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு)

பதில்:

தங்கச்சி, அதிபர் சொன்னதிலிருந்தே தொடங்குவோம். கெட்டிக்காரர் இருபது பேர் என்றால் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கனவே டியூஷனுக்குப் போகிறவர்கள், வீட்டில் மோட்டார் சைக்கிளும் ஏற்றி இறக்க ஓர் ஆளும் இருக்கிறவர்கள். முகாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர்கள் எப்படியோ ஆற்றைக் கடந்து நகரத்துப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

முகாம் தேவைப்படுவது வேறு பிள்ளைக்கு. சாதாரண தரம் முடிந்ததும், பக்கத்தில் எந்தப் பாடசாலையில் உயர்தரம் இருக்கிறதோ அங்கே போய், அங்கே கலைப்பிரிவு மட்டும்தான் என்றால் கலைப்பிரிவிலேயே உட்கார்ந்துவிடுகிற பிள்ளைக்கு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில்; 1சி என்றால் கலையும் வர்த்தகமும்; உங்களுடையது அதற்கும் கீழே வகை 2. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கிறார்கள், மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் மாவட்டத்துக்கு வந்த இடம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குப் போனதா படுவான்கரைக்குப் போனதா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

ஆகவே புள்ளி பார்த்து எடுக்காதீர்கள். தூரத்துக் குடியிருப்புகளுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள், பாதிப் பேர் பெண் பிள்ளைகள் என்று முன்னரே முடிவெடுங்கள், மிச்சத்துக்குச் சீட்டுக் குலுக்குங்கள். கெட்டிக்காரர் ஒன்றிரண்டு பேர் சீட்டில் வந்தால் வரட்டும். வாகரைப் பக்கம் வேடர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான்: நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் காத்திருக்காமல் வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும்.

பெண் பிள்ளைகளை விட யோசிக்கிற பெற்றோரைப் பிற்போக்கானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யானை வருகிற ஊரில் பொழுது சாயும் நேரம் கிறவல் ரோட்டில் பிள்ளை தனியாக வருவதை யார்தான் விரும்புவார்கள்? காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டோடு இரண்டரைக்கு முடியுங்கள், வான் ஒன்று பிடித்துப் படலை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள். கழிவறைக் கதவுக்குக் கொக்கி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், இது சின்ன விஷயமில்லை. சமையலை வெளியில் கொடுக்காமல் மாதர் சங்கத்து அம்மாமாரிடமே கூலி கொடுத்து ஒப்படையுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் இரண்டாம் நாள் அவர்களே மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிடுவார்கள். வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, எந்த நேரமும் பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்கள், இதெல்லாம் சொல்லாமலே தெரியும். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், திருவிழா நாளோடு முட்டாமலிருக்க. ஓகஸ்டில் சிறுபோக நெல் வெட்டும் வரும், அதையும் கேட்டுத்தான் திகதி போட வேண்டும்.

இனி ரோபோ. எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. ஆங்கில வழிகாட்டியைப் பார்த்து ஐந்து நாளும் திருகாணி முடுக்குவார்கள், கடைசி நாள் அது இரண்டு அடி ஓடும், எல்லாரும் கை தட்டுவார்கள், பிறகு பெட்டி அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்படும்.

உங்கள் ஊரிலேயே நல்ல விஞ்ஞானம் ஓசியில் கிடக்கிறது. ஓகஸ்டில் வெக்கையான கச்சான் காற்று அடிக்குமல்லவா, அதை எடுங்கள். இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி வையுங்கள். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் ஆவியாகும், அந்த வெப்பமானி கீழே இறங்கும், இரண்டுக்கும் இடைவெளி கூடும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளே பார்த்து வரைபடம் கீறட்டும். அப்புறம் கேளுங்கள்: இதே காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிறதே, நமக்கு மட்டும் ஏன் இந்த வெக்கை? தென்மேற்கிலிருந்து வரும் காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போதே ஈரத்தைக் கொட்டிவிடுகிறது, உலர்ந்த காற்று நம் பக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டு ஒவ்வொரு 100 மீற்றருக்கும் கிட்டத்தட்ட 1 பாகை செல்சியஸ் சூடாகிறது. உடனே சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாள் அவர்களே மண்டையை உடைக்கட்டும்.

கணினி இல்லை என்றும் கவலைப்பட வேண்டாம். ஐந்து பிள்ளைகள் கையில் 1, 2, 4, 8, 16 புள்ளி போட்ட மட்டைகளோடு வரிசையாக நின்று, தேவையானதைக் காட்டி மற்றதை மறைத்தால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம், கணினி எண்ணுவது அப்படித்தான். இன்னொன்று: விபுலானந்த அடிகளைத் தமிழறிஞர் என்று மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். 1892 இல் காரைதீவில் பிறந்த அவர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர், யாழ் நரம்பைக் கணக்கோடு ஆராய்ந்தவர். ஒரு பலகையில் கம்பி இழுத்துக் கட்டி, சரி பாதியில் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

தொழில்நுட்பம் வேண்டுமென்றால் மைக்ரோபிட் ஐந்து போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கணினிப் பலகை, இரண்டு பற்றரியில் ஓடும், 25 சிறு விளக்குகளும் வெப்ப உணரியும் அதிலேயே இருக்கின்றன. இரண்டு ஆணியை மண்ணில் குத்தி அதோடு இணைத்தால் மண் ஈரமா காய்ந்ததா என்று விளக்கில் காட்ட வைக்கலாம். வீட்டில் கத்தரியும் கச்சான் கடலையும் போடுகிற பிள்ளைக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை.

கனடாக்காரருக்கு நேராகவே எழுதுங்கள்: வானுக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு, பலகைகளுக்கும் ஒரு பழைய மடிக்கணினிக்கும் இவ்வளவு, முகாமுக்குப் பிறகு டிசெம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் ஒன்றுகூட இவ்வளவு. அந்தச் சனிக்கிழமைகளுக்கு, உங்கள் ஊரிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிற பெண் பிள்ளை ஒருத்தியைத் தேடிப் பிடியுங்கள், செலவுக்கும் ஏதாவது கொடுங்கள். ரீசேட் வரட்டும், புது உடுப்பு பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே, முதுகில் அவர் பெயர் மட்டும் வேண்டாம். படம் கேட்பார். பிள்ளைகளின் முகம் தெரியாமல் கையும் கொப்பியுமாக எடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, ஒரு நாள் பெற்றோரையும் இருத்திப் பேச வேண்டும். விஞ்ஞானம் என்றால் டாக்டர், எஞ்சினியர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று 2013 இல் வந்ததே பல வீடுகளுக்குத் தெரியாது. எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு, சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு கேட்பார்கள், விடுதி உண்டா, பஸ் எத்தனை மணிக்கு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அப்பாமாரும் வர வேண்டுமென்றால் பின்னேரம் வைக்காதீர்கள், வயலிலிருந்து வந்து சேரவே இருட்டிவிடும். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற நேரத்தில் தேத்தண்ணி கொடுத்து அரை மணித்தியாலம் இருத்திவிடுங்கள்.