கடலோர ஊரில் வீட்டுக் கணினியைத் தூசியிலிருந்து காப்பது எப்படி?

"ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணினியைத் திறந்து தூசி தட்ட வேண்டும் என்கிறார்களே, அது எல்லா ஊருக்கும் பொருந்துமா? கடற்கரைக்கு அருகில் குடியிருப்போர் வேறு எதையும் கவனிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் வசிப்பவன்; உறவினர், அயலவர் வீட்டுக் கணினிகளைத் திறந்து துப்புரவு செய்து பழகியவன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாதக் கணக்கைப் பார்ப்பதைவிடப் பருவத்தைப் பார்த்துச் செய்வதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முன், அதாவது செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முற்பகுதியிலோ, கணினியை ஒரு முறை முழுமையாகத் திறந்து சுத்தம் செய்துவிட வேண்டும். மற்ற மாதங்களில் செய்வது உங்கள் வசதியைப் பொறுத்தது. இதை மட்டும் தவற விடக்கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். கச்சான் வறண்ட, சூடான காற்று. மணல் ஒழுங்கைகளிலிருந்தும், சிறுபோக அறுவடை நடக்கும் வயல்களிலிருந்தும் அது கிளப்பிக்கொண்டு வரும் தூசி காற்றோட்டத்தை மறித்துக் கணினியின் வெப்பத்தைக் கூட்டும் என்றாலும், உலர்ந்திருப்பதால் ஊதினால் போய்விடும். மாரியில் அதே தூசியின் குணம் மாறிவிடுகிறது. கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள்கள் அதனுடன் கலந்திருப்பதே அதற்குக் காரணம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானாகவே கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே ஈரத்தை இழுக்கும். அடைமழை நாட்களில் எங்கள் வீடுகளுக்குள் இருக்கும் காற்று அந்த அளவை எளிதாகக் கடந்துவிடுகிறது. அப்போது தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) படிந்திருப்பது வெறும் தூசியன்று. மின்னைக் கடத்தக்கூடிய, செப்பை அரிக்கக்கூடிய ஈரப்படலம். நேற்று வரை நன்றாக இயங்கிய கணினி இன்று விசிறி சுழன்றும் திரை வராமல் நிற்கிறது என்று மழைகாலத்தில் சொல்பவர்களின் கணினிகளில், நினைவகத் தகட்டை (RAM) கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் செருகியதும் திரை வந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

தூசி ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதும் திறந்து பார்த்தால் தெரியும். கரையோர வீட்டுக் கணினியில் இருப்பது சாம்பல் நிறமாக, விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பாக இருக்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலைகளுக்கு அருகில் உள்ள வீடுகளிலோ மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நுண்ணிய உமித்தூள் சேர்ந்திருக்கும். உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் அது சொரசொரப்பாக இருப்பதுடன் விசிறியின் அச்சுக்குள் புகுந்தால் அதைத் தேய்த்தும்விடும். அத்தகைய இடங்களில் பெரும்போக அறுவடை முடிந்த பின், பங்குனி மாதமளவில், இன்னொரு முறையும் திறந்து பார்ப்பது அவசியம்.

தூசி எங்கே அதிகம் சேர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியின் அடியில் பரவிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். அதனால் பெரிய தீங்கில்லை. புரொசசரின் மேல் இருக்கும் வெப்பக் கடத்தியின் அலுமினியத் தகடுகளுக்கும் அதன்மேல் பொருத்தப்பட்ட விசிறிக்கும் இடையில்தான் உண்மையான அடைப்பு இருக்கும். விசிறியைக் கழற்றினால், தகடுகளின் வாயை மூடியபடி கம்பளித் துணி போல ஒரே படலமாக அது உரிந்து வரும். விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் காற்று உள்ளே இறங்காததற்கு இதுவே காரணம். பல புரொசசர்கள் 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கணினி பழசாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று எண்ணிப் பணம் செலவழிக்கும் முன் இந்த ஒரு விசிறியைக் கழற்றிப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்லி வருகிறேன்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, எஞ்சிய மின்னேற்றம் வடிவதற்காக இயக்கு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருங்கள். பிறகு பெட்டியை விறாந்தைக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, ஈரமில்லாத புதிய பெயின்ற் பிரஷினால் தூசியைத் தளர்த்திக் கை புளோவரால் ஊத வேண்டும். ஊதும்போது விசிறியின் இதழை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது முக்கியம். புளோவரின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு கெட்டுவிடும். டயர்க் கடைக் கம்பிரசரில் ஊதித் தரச் சொல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்தக் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்து வருவதால் அதைக் கட்டாயம் தவிருங்கள். நினைவகத் தகட்டின் தொடுமுனைகளைத் துடைக்க அழிறப்பரைவிட, 99 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பருத்தித் துணியே நல்லது; றப்பர் துகள்களை விட்டுச் செல்லும். உப்பு அற்ககோலில் அவ்வளவாகக் கரையாது என்பதால், சில துளி காய்ச்சி வடித்த நீர் தொட்ட துணியால் முதலில் அதை எடுத்துவிட்டு அற்ககோலால் முடிப்பது இன்னும் நல்லது. நன்கு உலர்ந்த பிறகே நினைவகத் தகட்டைச் செருக வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் அதன் கொள்ளளவிகளில் (மின்னைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) பிளக்கைக் கழற்றிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும், அது உயிராபத்து.

உள்ளே வரும் தூசியைக் குறைப்பது வைக்கும் இடத்தில் தொடங்குகிறது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். தும்புத்தடியால் கூட்டும்போது எழும் தூசி தரையோடுதான் முதலில் பரவுகிறது, மாரி வெள்ளமும் அங்கேதான் முதலில் வருகிறது. கடற்பக்க யன்னலுக்கு நேரே வைக்காமல், பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு மேசைமேல் வையுங்கள். முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள், பின்பக்கம் வெளியேற்றுபவற்றைவிடச் சற்று அதிகமாக இருந்தால், பெட்டியின் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிரத் தூசி உள்ளே நுழையாது. முன்பக்கத்தில் கழுவக்கூடிய வடிகட்டி ஒன்று இருந்தால் போதும். நுளம்புச்சுருளும் சாம்பிராணியும் அதே அறையில் வேண்டாம். அந்தப் புகையின் பிசின் படிந்த தூசியைப் புளோவரால் அசைக்க முடியாது.

பொலித்தீன் உறை போட்டு மூடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஆறிய பின் பருத்தித் துணியால் மூடி, இயக்கும் முன் எடுத்துவிடுங்கள். மழை நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஓர் அரை மணி நேரம் கணினியை ஓட விடுவது நல்லது; அதன் சொந்தச் சூடே உட்புறத்தை உலர்வாக வைத்திருக்கும். மடிக்கணினிக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். அதன் அடித்தட்டைத் திறந்து பழக்கமில்லையென்றால், ஒக்டோபருக்கு முன் ஒரு கடையில் கொடுத்து, விசிறியைக் கழற்றித் துப்புரவாக்கி புரொசசருக்கும் வெப்பக் கடத்திக்கும் இடையில் பூசும் வெப்பப் பசையையும் புதிதாக இட்டுத் தரும்படி குறிப்பாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஊதிவிட்டு மட்டுமே தருவார்கள்.