முகாமில் சினிமா பார்க்க என்ன வாங்கலாம்?

கேள்வி: கட்டாய ராணுவ சேவையில் இருக்கிறேன் சார். அடிப்படைப் பயிற்சி முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. மாலையில் சுமார் ஒரு மணி நேரம் போன் கையில் கிடைக்கும். சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். எனக்கோ சினிமா இல்லாமல் முடியாது. அடுத்த லீவில் டேப்லெட், ப்ளூடூத் ஹெட்போன், ஸ்மார்ட் வாட்ச் மூன்றும் வாங்கலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பதில்: மூன்றுமே வேண்டாம் தம்பி. காசை வைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது போன் ரிப்பேர் பார்க்கிறவன் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் போன், ஒரு மெமரி கார்டு, ஒயர் வைத்த இயர்போன், நடுத்தர அளவில் ஒரு பவர் பேங்க். இவ்வளவு போதும்.

டேப்லெட்டிலிருந்து வருகிறேன். பெரிய திரையில் படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கிட் பேக்கில் பூட்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் போகப்போகிற பொருள். என்னிடம் வந்த டேப்லெட்டுகளில் பாதி இப்படி மூலையில் அடிபட்டு, சிலந்தி வலை மாதிரி விரிசல் விழுந்தவை. அதைவிடப் பெரிய தொல்லை சார்ஜ். பத்து அங்குல டேப்லெட்டின் பேட்டரி பெரும்பாலும் 28 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) இருக்கும். 10000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-அவர். மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும், கைக்கு வருவது 30 சொச்சம்தான். டேப்லெட்டை ஒரு தடவை நிரப்பினால் கதை முடிந்தது. அதே பவர் பேங்க் 5000 எம்.ஏ.எச். போனை ஒன்றரை தடவை நிரப்பும். இருபது பேருக்கு நாலு பிளக் பாயிண்ட் இருக்கிற அறையில் இந்த வித்தியாசம் பெரிது.

20000 எம்.ஏ.எச். வாங்கினால் 74 வாட்-அவர். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம், 100 வரை பொதுவாக விடுவார்கள். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. ஆனால் கனம். தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தான்.

பேட்டரியைப் பற்றி இன்னொன்று. களப் பயிற்சிக்கு மூன்று வாரம் போகும்போது போனை லாக்கரில் பூட்டச் சொல்வார்கள். நான் ஒருமுறை சுத்தமாக இறங்கிப்போன பவர் பேங்கை அப்படியே பெட்டியில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் விளக்கே எரியவில்லை, கடைசிவரை எரியவும் இல்லை. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் அதை முடக்கிவிடும். ஆகவே பூட்டுவதற்கு முன் பாதி சார்ஜில் வைத்து, சுவிட்ச் ஆஃப் செய்துவிட்டுப் போங்கள். வெயில் அடிக்கும் தகரப் பெட்டி வேண்டாம். வெப்பத்தைப் போல பேட்டரியைக் கெடுப்பது வேறில்லை.

சரி, படத்துக்கு வருவோம். ஆறு அங்குலத் திரையைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது 720பி, 1080பி என்ற இரண்டு படத் துல்லியங்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 720பி போதும். ஹெச்.265 முறையில் சுருக்கிய படம் பழைய ஹெச்.264-ஐவிட ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கும், ஒரு படம் ஒரு ஜி.பி. சுமாருக்கு வந்துவிடும். 64 ஜி.பி. கார்டில் ஐம்பது படத்துக்குக் குறையாது. மாலைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நாள். நாலைந்து மாதம் ஓட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய போன் சிலவற்றில் ஹெச்.265-ஐப் பிரிக்கத் தனி வன்பொருள் இருக்காது. பிராசஸரே மூச்சு முட்ட வேலை செய்யும், சார்ஜ் கரையும். லீவு முடிவதற்கு முன் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கம் சுட்டால் ஹெச்.264-க்கே திரும்பிவிடுங்கள்.

இது உங்களிடம் சொந்தமாக இருக்கும் வீடியோ கோப்புகளுக்கு. ஓ.டி.டி. ஆப்பில் டவுன்லோடு செய்தவை வேறு ரகம், அங்கேதான் முகாமில் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் படங்களுக்குக் கெடு உண்டு. எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நினைத்தால், சில நாட்களிலோ வாரங்களிலோ காலாவதியாகிவிடும். தொடங்கிவிட்டாலோ, பல படங்களுக்கு 48 மணி நேரம்தான். வீட்டில் ஒரே மூச்சில் பார்க்கிறவனுக்கு அது ஒன்றும் இல்லை. தினம் ஒரு மணி நேரம் பார்க்கிற உங்களுக்கோ, மூன்றாம் நாள் கிளைமாக்ஸ் வரும் நேரத்தில் பூட்டு விழும். திறக்க இணையம் வேண்டும், அதுதான் அங்கே இல்லையே. அதனால் ஆப்பில் நீளமான படத்தைச் சேர்க்காதீர்கள். அரை மணி எபிசோடுகளை எடுத்துவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் கெடு தனித்தனி. தவறியும் ‘சைன் அவுட்’ கொடுக்காதீர்கள், மொத்தமும் அழிந்துவிடும். அந்தக் கார்டை நண்பனின் போனில் செருகினாலும் ஓடாது.

படம் ஓடும்போது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடி சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும், பல சமயம் சார்ஜை அதிகம் தின்பது படத்தைவிட இந்தத் தேடல்தான். வீட்டுக்குப் பேசிவிட்டு மோடை மாற்றுவது நல்ல பழக்கம்.

ப்ளூடூத் ஹெட்போனுக்கும் சார்ஜ் போட வேண்டும், அதனால் வேண்டாம். காதை முழுக்க அடைக்கும் ரகம் இன்னும் மோசம். ரோல் கால் விசில் கேட்காமல் ஒருவன் கட்டிலில் சிரித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த வாரம் முழுக்க அவன் சிரிக்கவில்லை. ஒயர் இயர்போன், அதிலும் ஒரு காதில் மட்டும். மற்றது பக்கத்துக் கட்டில்காரனுக்கு.

ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப், தன் பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. பெயர் கிடையாது, வெறும் ஒளிக்கோடுகள். நகரங்களில் எல்லாம் ஒரே வெளிச்சம், தனியாக எதுவும் தெரியாது. ஆனால் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருட்டுக்கு நடுவே சின்னச் சின்ன வடிவங்கள் மின்னின. முகாமுக்குள் தினமும் ஓடிய வீரர்களின் கைக்கடிகாரங்கள் வரைந்தவை அவை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பணிப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளுக்குத் தடை போட்டது.

2023 புத்தாண்டு இரவு, உக்ரைன் போரில், கிழக்கு உக்ரைனின் மகீவ்கா நகரில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் ராக்கெட் விழுந்து 89 பேர் இறந்ததாக ரஷ்யா கணக்குச் சொன்னது. தடையை மீறி வீரர்கள் கைபேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் சொன்னது. அந்தக் காரணத்தை எல்லோரும் ஏற்கவில்லை, அது வேறு கதை. உங்கள் முகாமில் விதி கடுமையாக இருந்தால் அதற்குப் பின்னால் இப்படி ஏதோ ஒன்று இருக்கும்.

போனிலும் கேமராவுக்கான இருப்பிட அனுமதியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் அப்படியே போகும். படம் எடுக்க அனுமதி உண்டா என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தென்கொரியாவில் 2020-இல் கட்டாய சேவை வீரர்களுக்கு வேலை நேரம் முடிந்த பின் போன் முறைப்படி அனுமதிக்கப்பட்டபோதும், முகாமுக்குள் கேமராவை முடக்கும் ஆப் போட்டாக வேண்டியிருந்தது. எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் பிரிவில் எது செல்லும் என்று கேட்டுவிடுங்கள், முடிந்தால் எழுத்தில்.

காசு மிச்சமாகி ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை வைத்த ஆறு அங்குலப் புத்தகக் கருவி பரவாயில்லை. ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் வரும், வெயிலிலும் எழுத்து தெரியும். காவல் பணிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், சார்ஜர் தலையிலும் கேபிளின் இரண்டு முனையிலும் அழியாத மையால் உங்கள் எண்ணை எழுதிவையுங்கள். இருபது பேர் அறையில் எல்லாச் சார்ஜரும் வெள்ளைதான். காலை ஐந்து மணிக்கு எது யாருடையது என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது.