ஒரே ஹப்பில் இரண்டு நெற்வேர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, அப்பாவுக்குப் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையும் கிராண்ட்பாஸில் ஒரு ஸ்டோரும் இருந்தன. இரண்டிலும் தனித்தனி நொவெல் நெற்வேர் 3.11 (கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் பழைய மென்பொருள்) ஓடும் சேர்வர். பழைய கணக்குகளை எடுப்பதற்காக இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே ஹப்பில் பூட்டினேன். தனியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. சேர்த்தால் இரண்டும் பீப் அடித்து ‘ரவுட்டர் அமைப்பில் பிழை’ என்கின்றன. நான் ரவுட்டரே பூட்டவில்லை. ஐபி முகவரியும் எங்கும் காணோம். எதைத் திருத்துவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, முதலில் ஒன்று. சேர்வரைச் சுவிட்சில் நிறுத்தாதீர்கள். கன்சோலில் (சேர்வரின் சொந்தத் திரையில்) ‘டவுன்’ என்று தட்டி, முடிந்தது என்று அது சொன்ன பிறகு கரண்டை எடுங்கள். அந்த வயது ஹார்ட் டிஸ்க் இனி ஒரு அதிர்ச்சி தாங்காது.

ஐபி முகவரி இல்லாதது குறையல்ல. 3.11 பேசுவது ஐபிஎக்ஸ் என்ற நொவெலின் சொந்த மொழி. அதன் முகவரி 32 பிட் நெற்வேர்க் இலக்கமும் 48 பிட் நோட் (கணினி) இலக்கமும் சேர்ந்தது. நோட் இலக்கம் ஈதர்நெற் காட்டில் (நெற்வேர்க் அட்டையில்) தொழிற்சாலையிலேயே பதிந்து வருகிறது. ஆகவே ஐபியில் போல ‘இந்த முகவரிக்கு எந்தக் காட்?’ என்று விசாரிக்கும் வேலையும் இல்லை. கடைக் கணினிகள் எழும்பியதும் ‘கிட்ட உள்ள சேர்வர் யார்?’ என்று கேட்டு, தாங்கள் நிற்கும் நெற்வேர்க்கின் இலக்கத்தையும் அறிந்துகொள்ளும். கையால் இலக்கம் போடுவது சேர்வரில் மட்டும். புறக்கோட்டையில் கேபிள் இழுத்துத் திரிந்த காலத்தில் இந்தச் சுகத்தை நான் நன்றாக அனுபவித்தவன். பிறகு ஐபி வந்து எங்களைக் கொப்பியில் முகவரி எழுத வைத்தது.

சேர்வரில் போடும் இலக்கம் இரண்டு. ஒன்று கேபிளுக்குச் சொந்தம், மற்றது சேர்வருக்குச் சொந்தம். சேர்வர் தனக்குள் ஒரு கற்பனை நெற்வேர்க்கை வைத்து அதில் தானே 1ஆம் நோட்டாக இருக்கும். அந்த உள் நெற்வேர்க்குக்கும் வெளிக் கேபிளுக்கும் நடுவே பொதிகளைக் கடத்துவதும் அதுவே. நீங்கள் பூட்டாத ரவுட்டர் அதுதான். உங்கள் வீட்டில் இரண்டு நிற்கின்றன.

இவை 60 விநாடிக்கு ஒரு தரம் ரிப் (பாதைகளை அறிவிக்கும் முறை) வழியாகத் தமக்குத் தெரிந்த பாதைகளை எல்லோருக்கும் ஒலிபரப்பும். கடையில் கேபிளுக்கு ஓர் இலக்கம், ஸ்டோரில் வேறோர் இலக்கம் போட்டிருப்பார்கள். இப்போது கேபிள் ஒன்று. ஒரு தெருவுக்கு இந்த முனையில் ஒரு பெயர்ப்பலகை, அந்த முனையில் இன்னொன்று. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் சண்டை.

கன்சோலில் ‘லோட் இன்ஸ்டால்’ என்று தட்டி, ஓட்டோஎக்ஸெக் என்சிஎஃப் கோப்பைத் திறவுங்கள். ‘பைண்ட்’ என்று தொடங்கும் வரியில் ‘நெற்’ என்பதற்குப் பின்னால் உள்ளது கேபிள் இலக்கம். ஏதாவது ஒரு சேர்வரில் மாற்றி இரண்டையும் ஒன்றாக்கி, டவுன் செய்து மீண்டும் எழுப்புங்கள். சேர்வரின் சொந்த இலக்கம் உள்ள ‘இன்டர்னல் நெற்’ வரியை மட்டும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அது இரண்டிலும் வேறுவேறாக, கேபிள் இலக்கத்தோடும் மோதாமல் இருக்க வேண்டும். நான் அதற்குக் கடைத் தொலைபேசி இலக்கத்தையே போடுவேன். அந்நாளில் கொழும்பு இலக்கம் 01உம் பின்னால் ஆறு எண்ணும். நெற்வேர்க் இலக்கத்துக்குரிய எட்டு இடத்துக்குள் அளவாக அடங்கும், வேறு எந்தச் சேர்வரிலும் வராது.

கணக்குகளை எடுக்கப் புதிய கணினி உதவாது. விஸ்டாவோடு மைக்ரோசொஃப்ட் ஐபிஎக்ஸைக் கைவிட்டுவிட்டது. எக்ஸ்பி புரொஃபெஷனல் ஒன்று தேடி, ஃபிரேம் வகையை (கேபிளில் பொதியைச் சுற்றும் உறையின் வடிவத்தை) தானியங்கியில் விடாமல் 802.3 என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள். 3.11இன் வழமை அதுதான், 3.12இலிருந்து 802.2 ஆனது. இரண்டு வகையும் ஓடும் கேபிளில் எக்ஸ்பி 802.2ஐயே பிடிக்கும், உங்கள் சேர்வரைக் காணாது. (அப்படி இரண்டு வகை ஓடினால் வகைக்கு ஓர் இலக்கம் வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

கேள்வி: ஐபிஎக்ஸ் ரிப்பில் வரும் ‘டிக்’ என்ன?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: நேரம், பிள்ளை. ஒரு டிக் ஏறத்தாழ விநாடியில் 18இல் ஒரு பங்கு. பழைய பீசியின் கடிகாரத் துடிப்பு அது. ஐபியின் ரிப் எத்தனை ரவுட்டர் தாண்ட வேண்டும் என்று மட்டும் எண்ணும். ஐபிஎக்ஸ் முதலில் டிக் பார்க்கும், சமமானால்தான் தாண்டல்களை எண்ணும். இரண்டிலும் 16 தாண்டல் என்றால் போக வழியில்லை.