தியேட்டரில் "கேடிஎம் வரவில்லை, ஷோ லேட்" என்கிறார்களே, அந்தக் கேடிஎம் என்பது என்ன?

படத்தைத் திறக்கும் சாவி அடங்கிய ஒரு சின்ன ஃபைல். படம் நூறு ஜிபிக்கு மேல்கூட இருக்கும், ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட்டிலோ முன்கூட்டியே வந்துவிடும், ஆனால் 128 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டியிருப்பதால் வழியில் யார் எடுத்தாலும் பயனில்லை. பீரோவை லாரியில் ஏற்றிவிட்டுச் சாவியைத் தனியாக ஆள் மூலம் கொடுத்தனுப்புவோமே, அதேதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், சாவியையே இன்னொரு முறை பூட்டி அனுப்புவது. படத்தை ஓட்டும் கணினியான ஒவ்வொரு தியேட்டர் சர்வருக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அது அந்த இயந்திரத்தை விட்டு வெளியே வராது, உடைத்து எடுக்கப் பார்த்தால் அழிந்துவிடும். அந்தக் குறிப்பிட்ட சர்வர் மட்டுமே திறக்கும்படிதான் கேடிஎம்மைத் தயாரிக்கிறார்கள். அதனால் சர்வர் பழுதாகி மாற்றினால் கேடிஎம்மும் புதிதாக வேண்டும், பக்கத்து ஸ்கிரீனுடையது உதவாது. அப்புறம், இன்ன தேதி இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று கெடுவும் அதிலேயே இருக்கும். முதல் காட்சி சில நேரம் தள்ளிப்போவது பணம் செட்டில் ஆகாமல் இதை நிறுத்தி வைப்பதால்தான்.

பலர் நினைப்பதுபோல் இது பாஸ்வேர்ட் இல்லை, வாட்ஸ்அப்பில் கசிந்தாலும் வேறெங்கும் படம் ஓடாது.