நனைந்த பத்திரமும் ஐஸ்பெட்டியும்

பழைய தாள்களைச் செப்பனிடும் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்பதால், மழைக்காலம் வந்தால் இங்கே சிங்கப்பூரில் தெரிந்தவர்களின் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்து சேரும். இம்முறை வந்தவற்றில் சில.

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகி எங்கள் கோப்பு முழுக்க நனைந்துவிட்டது அண்ணே. வெயிலில் போடலாமா? (ஈசூன்)

வேண்டாம்மா. வெயிலில் மை வெளுக்கும், தாள் சுருளும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்குப் பக்கம் நிற்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பரப்பி வைத்தாலும் சரியாகக் காயாது. ஓர் அறையின் சன்னலை மூடி, ஏர்கானை டிரை முறையில் போடுங்கள். காற்றாடி சுவரைப் பார்த்துச் சுழலட்டும், தாளைப் பார்த்து வேண்டாம்.

ஈரத்தாளை மூலையைப் பிடித்துத் தூக்கினால் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை அடியில் நுழைத்து, அதோடு சேர்த்து எடுங்கள். ஒட்டிக்கொண்டவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போராடாமல் சின்னச் சின்ன அடுக்காக எடுத்து, நடுவே சமையலறைத் தாள் வைத்துச் சில மணி நேரத்துக்கொரு முறை மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை உங்கள் பத்திரத்தில் ஏறிவிடும். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடலாம், நம் ஊரில் அதற்கு முன்பேகூட.

இருநூறு தாளுக்கு மேல் இருக்கிறது. நாளை வேலைக்கும் போகவேண்டும். என்ன செய்வது?

ஐஸ்பெட்டியில் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிறு கட்டுகளாகப் பிரித்து, இடையே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் பையில் போட்டு மைனஸ் 18 பாகையில் வையுங்கள். பூஞ்சை சாகாது, ஆனால் வளராது. மையும் மேற்கொண்டு பரவாது. பிறகு ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து நிதானமாகக் காயவைக்கலாம். 1988இல் லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அறிவியல் கழக நூலகத்தில் தீயை அணைத்த தண்ணீரில் நனைந்த நூல்களில் பலவற்றை உறையவைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஊர்மக்களும் வீட்டுக்கு எடுத்துப்போய் உலர்த்திக் கொடுத்தார்கள். ஆகவே மீனுக்குப் பக்கத்தில் பத்திரம் இருப்பதில் வெட்கம் வேண்டாம். பையை மட்டும் நன்றாக மூடுங்கள்.

இஸ்திரி போட்டால் சீக்கிரம் காயுமே?

என் சான்றிதழ் ஒன்றில் செய்து பார்த்தேன். லேசர் அச்சின் தூள்மை சூட்டில் இளகி, பாதி எழுத்து இஸ்திரிப் பெட்டிக்கு வந்துவிட்டது. மைக்ரோவேவையும் மறந்துவிடுங்கள். ஸ்டேப்பிள் கம்பியில் பொறி பறக்கும்.

அப்பாவின் ஜாதக நோட்டு. ஊற்றுப்பேனாவில் எழுதியது, ஓரமெல்லாம் மஞ்சள் தடவியிருக்கும். (உட்லண்ட்ஸ்)

முதலில் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள், ஈரமாக இருக்கும்போதே. ஊற்றுப்பேனா மை தண்ணீரில் கரையும், இங்க்ஜெட் அச்சும் அப்படித்தான். பால்பாயிண்ட் பெரும்பாலும் தாங்கும். ஆகவே இந்த நோட்டைக் கழுவக்கூடாது, தேய்க்கவும் கூடாது. உறிஞ்சும் தாளை மேலே வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள். மஞ்சள் பக்கத்துத் தாளில் ஒட்டும். அந்த ஓரத்துக்குத் தனியாக ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

கல்யாண ஆல்பம் நனைந்துவிட்டது.

படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் கதை முடிந்தது. ஈரம் இருக்கும்போதே, குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் வைத்துப் பிரித்து, முகம் மேலே பார்க்கப் பரப்புங்கள். படப்பரப்பில் விரல் படவேண்டாம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டதா? பிய்க்காமல், கண்ணாடியோடே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) இருந்த பெட்டியில் பூஞ்சை பிடித்தே விட்டது. பிளீச் தெளிக்கவா?

பிளீச் தாளைத் தின்றுவிடும். முதலில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் துடைத்தால் பூஞ்சை உள்ளே அப்பும். காய்ந்தபின் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

எதை முதலில் காப்பாற்றுவது?

மறுபடி கிடைக்காததை. தமிழ்நாட்டு நிலப் பத்திரம் பதிவானதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். இங்கே 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழே மின்வடிவில்தான். தாத்தா எழுதிய கடிதத்துக்கு எந்த அலுவலகத்திலும் நகல் இல்லை.

அரிசியில் புதைத்து வைத்தால் ஈரம் போகுமாமே?

அரிசியைச் சமையுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் தாளை, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மிச்ச ஈரம் இறங்கும்.