கோலா சிலாங்கூர்க் கடல் வெறும் சேறுதானே, குடும்பத்தோடு ஒரு நாள் செலவழிக்கத் தகுமா?

தகும். ஆனால் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரவில் ஆற்றங்கரை மரங்களில் ஒளிரும் மின்மினிகளை என்பதால், எந்த நாளில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே தகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளையும் எழுபது வயதைக் கடந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வரலாமா, கடல் சேறாக இருக்கும் என்பதால் போர்ட்டிக்சனுக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெஸ்தாரி ஜெயாவில் வசிப்பவன். பழைய ஆட்களிடம் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் தெரியும். எங்கள் ஊரைத் தொட்டுச் செல்லும் சிலாங்கூர் ஆறுதான் கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. அதனால் 'வெறும் சேறு' என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சொந்த ஊர்ப் பாசத்தில் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். பாசம் உண்டுதான், ஆனாலும் கீழே எழுதியிருப்பவை நேரில் போய்ப் பார்த்து, ஒருமுறை ஏமாந்தும் தெரிந்துகொண்டவை.

கடல் சேறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிந்துகொண்டே இருப்பதால், அருகிலுள்ள ஜெராம், பந்தாய் ரெமிஸ் கடற்கரைகளில் தண்ணீர் பால் குறைவாக விட்ட தேநீரின் நிறத்தில் இருக்கும். பிள்ளைகள் குளித்து விளையாட ஏற்ற கடல் இது அல்ல. குளியல்தான் வேண்டும் என்றால் தயங்காமல் போர்ட்டிக்சனுக்குப் போங்கள். ஆனால் நீங்கள் சந்தையில் வாங்கும் கெராங் சிப்பியும் நண்டும் இறாலும் இத்தகைய சேற்றில் வளர்பவைதாம். வற்றத்தின்போது பக்காவ் என்னும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். உடலைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வரும்; பெலாச்சாக் என்னும் மீன் துடுப்புகளை ஊன்றிச் சேற்றின் மேலேயே நடந்து திரியும். பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். பாதுகாப்பாக நடைபாதையில் போய்ப் பார்க்க வேண்டுமானால், 1987-இல் அமைக்கப்பட்ட கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா மெலாவாத்தி குன்றின் அடிவாரத்திலேயே இருக்கிறது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். தோட்டத்தில் மரங்களை அழித்துச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை நட்ட பிறகு, உடம்பு முடியாமல் போகும்வரை உதிரிப்பழம் பொறுக்கினார். மின்மினிகளுக்குப் பெயர்பெற்ற கம்போங் குவாந்தான், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம். ஆயினும் அறுபத்தெட்டு வயதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியவர் இரவு எட்டு மணிக்கு ஆற்றங்கரைக்கு எப்படிப் போவார்? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சனிக்கிழமை மாலைகளில் சுற்றுலாப் பேருந்துகள் தோட்டச் சாலை வழியாக வரிசையாகப் போகும். அவை எங்கோ கல்யாணத்துக்குப் போகின்றன என்று நினைத்து, நாங்கள் சாலையோரம் நின்று கையசைப்போம். பள்ளியில் எங்களை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனார்கள். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆறு எங்கே போகிறது, அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்களைக் குறை கூறுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஓர் இடம் எங்களுக்குத் தெரியாமல் போன வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

முதல்முறை அம்மாவை அழைத்துப் போனது பள்ளி விடுமுறையில் வந்த ஒரு சனிக்கிழமை. கூட்டத்தைப் பார்த்துப் பதறி, கிடைத்த இயந்திரப் படகில் ஏறினோம். எந்த நிறுவனத்தின் படகு என்பது இங்கே தேவையில்லை. அன்றைக்குப் பௌர்ணமிக்கு மறுநாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஆறு முழுவதும் பட்டப்பகல்போல் நிலா வெளிச்சம். முன்னால் அமர்ந்திருந்தவர்கள் கைப்பேசி விளக்கை மரங்களின்மேல் அடித்துக்கொண்டே வந்தார்கள், படகோட்டியும் தடுக்கவில்லை. அம்மாவுக்கு முன்னிருக்கைக்காரரின் கைப்பேசித் திரையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இயந்திரம் கிளப்பிய அலையில் படகு ஆடியபோது என் கையைப் பிடித்துக்கொண்டவர், கரை சேரும்வரை விடவில்லை. அவர் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதன் பிறகு ஐந்து மாதம் கழித்து, நாள்காட்டியில் அமாவாசை பார்த்து, வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் அழைத்துப் போனேன். இம்முறை துடுப்புப் போடும் சம்பானில் ஏறினோம். ஒரு படகில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். துடுப்புப் போட்ட மலாய்க்காரப் பெரியவரிடம் அம்மா தம் தோட்டத்து மலாயில் ஆழம் எவ்வளவு, முதலை உண்டா என்று விசாரித்தபடி வந்தார். ஒரு வளைவைத் தாண்டியதும் பெரியவர் துடுப்பை நிறுத்தினார். கரையில் நின்ற பெரெம்பாங் மரம் ஒன்று அடிமுதல் நுனிவரை எரிந்து அணைந்து, மறுபடியும் எரிந்தது. ஆயிரக்கணக்கான பூச்சிகளும் ஒரே தாளத்தில் ஒளிவிடுவதுதான் இந்த வகை மின்மினியின் தனிச்சிறப்பு. டெரோப்டிக்ஸ் டெனெர் என்பது அதன் அறிவியல் பெயர். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரட்டு முடிஞ்சு எல்லாரும் நெத்தி விளக்கோட நிரை நிரையா காட்டுக்குள்ள எறங்குவோம்ல, அப்படியே இருக்குப்பா" என்றார். ஒரு பூச்சி பறந்து வந்து அவருடைய விரல் கணுவில் உட்கார்ந்தது. அரிசிமணி அளவுதான் இருக்கும். உளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரலின் சுருக்கங்கள் மட்டும் இளம்பச்சையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தன. அது தானாகப் பறந்து போகும்வரை அம்மா கையை அசைக்கவில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன ஒரு செய்தியை நீங்களும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மரத்தில் ஒளிர்வது வளர்ந்த பூச்சி மட்டுமே. அதன் புழு கரையோர ஈரமண்ணில், நீப்பா, சாகோ மரங்களின் நிழலில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. பெரெம்பாங் மரமோ உப்பும் நன்னீரும் அளவாகக் கலந்த இடத்தில்தான் செழிக்கும். ஆகவே கரையை அழித்துச் செம்பனை நட்டாலும், மேலே எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்று நீர் குறைந்து உப்பு உள்ளே ஏறினாலும், இரவில் கரையில் பெரிய விளக்குகள் எரிந்தாலும் மின்மினி குறையும். செம்பனைச் சம்பளத்தில் படித்து ஆளான நான் இதை எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். செம்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆற்றங்கரையை மட்டும் விட்டுவைக்கலாம் என்கிறேன்.

எனவே அமாவாசையை ஒட்டிய நாட்களில் வாருங்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டித்தான் கடல் மிகக் கீழே வற்றும். அப்போது சசாரான் அருகே, கரையிலிருந்து படகில் அரை மணி நேரத் தொலைவில், நடுக்கடலில் ஒரு மணல் திட்டு மேலெழும். மெல்லிய நீர்ப்படலத்தில் வானம் அப்படியே தெரிவதால் அதை ஸ்கை மிரர் என்கிறார்கள். சேற்றுக்கடல் என்று சொன்னவர்கள்கூட அங்கே வெறுங்காலுடன் மணலில் நிற்கலாம். வற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், படகுக்காரரிடம் நேரம் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள். உங்கள் அம்மாவால் படகில் ஏறி இறங்க முடியாது என்றால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். இரவுச் சம்பானை மட்டும் விடாதீர்கள்.

பிற்பகலில் மெலாவாத்தி குன்றுக்குப் போகலாம். 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டையின் எச்சங்களும், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே உள்ளன. ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிப்பது குரங்குகள்தாம். லோத்தோங் எனப்படும் சாம்பல் நிறக் குரங்கின் குட்டி, நன்றாகப் பழுத்த செம்பனைப் பழத்தின் நிறத்தில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும். வளர வளர அந்த நிறம் மாறிவிடும். தலையிலும் தோளிலும் ஏறிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டதால், எல்லாரும் ரொட்டி கொடுக்கிறார்கள். இவை இலை தின்பவை. மாட்டைப் போல அறை அறையாகப் பிரிந்த இரைப்பையில் இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பவை. அவற்றுக்கு ரொட்டி நல்லதன்று. அதேபோல, சில படகுகளில் பருந்துக்கு உணவூட்டுதல் என்று கோழித்தோலை ஆற்றில் எறிகிறார்கள். அங்கே வட்டமிடுவது செம்பருந்து, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. மீனும் நண்டும் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய பறவையைக் கோழிக் கொழுப்புக்குக் காத்திருக்க வைப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் படகில் அப்படி எறிந்தால், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மாலைச் சாப்பாட்டுக்குப் பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்துக்குப் போங்கள். ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டால்தான் எட்டு மணிச் சம்பானுக்கு நேரம் இருக்கும். கைப்பேசியில் வழி தேடும்போது கோலா சிலாங்கூர் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். குவாந்தான் என்று மட்டும் போட்டுவிட்டு, அதே பெயருள்ள நகரம் இருக்கும் பகாங் மாநிலத்துக்குப் போக இருந்தவர்களை எனக்குத் தெரியும். மழை பெய்தால் பூச்சிகள் அவ்வளவாகத் தெரியா; காத்திருந்து பாருங்கள், அல்லது வேறு நாள் வாருங்கள். கொசுமருந்தைப் படகில் ஏறிய பிறகு தெளிக்காதீர்கள், முழுக்கைச் சட்டை போதும். கைப்பேசிகளைக் கரையிலேயே அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். அம்மாவைப் படகின் நடுப்பலகையில் உட்காரவைத்து, பிடித்துக்கொள்ள உங்கள் கையைக் கொடுங்கள். கண்கள் இருட்டுக்குப் பழகும்வரை அவரிடம் ஒன்றும் காட்டிச் சொல்லாதீர்கள்.