மானிட்டரைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் வந்து, நோயாளியின் பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் காட்டும் மானிட்டர்களைச் சோதித்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார். ஆனால் ஒரே நோயாளிக்கு இரண்டு மானிட்டர்கள் வெவ்வேறு பி.பி. காட்டுகின்றன. அந்த ஸ்டிக்கரை நம்பலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஸ்டிக்கரோடு விட்டுவிடாமல், சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள், சகோதரி. சிமுலேட்டர் (நோயாளிக்குப் பதிலாக மானிட்டரில் இணைக்கும் சோதனைக் கருவி) கொடுத்த அளவும் மானிட்டர் காட்டிய அளவும் அதில் எண்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். வெறும் 'சரி' என்ற குறி எதையும் சொல்லாது.

பி.பி. பற்றி: மானிட்டர் கையில் கட்டும் பட்டையின் காற்றை இறக்கும்போது எழும் துடிப்பலைகளைக் கொண்டே மேல், கீழ் அளவுகளைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் சிறு வேறுபாடு பழுதாகாது. முதலில் அதே கையில், சரியான அளவுள்ள பட்டையைக் கட்டி, சில நிமிட இடைவெளியில் இரண்டிலும் அளந்து பாருங்கள். பட்டை சிறியதாக இருந்தால் பி.பி. கூடுதலாகக் காட்டும். பிறகும் ஐயம் இருந்தால், குழாயில் ஒரு கிளை இணைத்து, தரமான அழுத்தமானியோடு 0, 50, 150, 250 ஆகிய அளவுகளில் ஒப்பிடச் சொல்லுங்கள். வேறுபாடு பொதுவாக 3 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். காற்றுக் கசிவையும் பார்க்க வேண்டும். குழாய் முனையில் உள்ள ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால், காதை அருகில் வைத்தாலே மெல்லிய சீறல் கேட்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈ.சி.ஜி. ஒயரின் பொத்தான்களிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. அவற்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஆக்சிஜன் அளவில் ஓர் எச்சரிக்கை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் வரைகோட்டை, ஒவ்வொரு நிறுவனமும் மனிதர்களிடம் எடுத்த இரத்தப் பரிசோதனைகளைக் கொண்டே வகுத்திருக்கிறது. சோதனையின்போது நோயாளியின் விரலுக்குப் பதிலாக வைக்கும் செயற்கை விரல் அந்த வரைகோட்டைத்தான் திருப்பிக் காட்டுகிறது; ஆகவே அது 97 கொடுத்து மானிட்டரும் 97 காட்டினால், கருவி இயங்குகிறது என்று மட்டுமே கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது அலாரம் சோதனையை. சிமுலேட்டரில் நாடித்துடிப்பை 80-இல் ஓடவிட்டுத் திடீரென நிறுத்தச் சொல்லுங்கள். 10 விநாடிக்குள் அலாரம் ஒலிக்க வேண்டும். அப்போது நீங்கள் மானிட்டர் அருகில் நிற்காமல், இரவில் வழக்கமாக உட்காரும் மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். நான் பார்த்த ஒரு வார்டில் கருவியில் எந்தக் குறையும் இல்லை. ஒலி மட்டும் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது.

கேள்வி: ஜெனரேட்டர் இருக்கும்போது மானிட்டரின் பேட்டரியையும் சோதிக்க வேண்டுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கட்டாயம் சோதிக்க வேண்டும். நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டு செல்லும்போது உங்கள் ஜெனரேட்டர் கூடவே வருவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் மின்சாரமின்றிக் கழிந்த நாள்கள் நம் இரு ஊர்க்காரர்களுக்கும் மறக்காது. நோயாளி இல்லாத நேரத்தில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிளக்கை எடுத்துவிட்டு, அணையும்வரை ஓடவிடுங்கள். ஓடிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, கையேட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.